பாறசாலை போர்டு

போன லீவில் ஊருக்குப் போனபோது களியக்காவிளையில் பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஒரு கேரளா பஸ், மலையாளத்தில் போர்டு. வாசிக்கணும் என்று நான் நினைக்கவே இல்லை, 'பாறசாலை, நெய்யாற்றின்கரை' என்று அதுவாகவே மண்டைக்குள் கேட்டுவிட்டது. மகள் சொன்னாள், "ஜிலேபியைப் பிய்ச்சுப் போட்ட மாதிரி இருக்குப்பா." ஒரே போர்டு, ஒரே வெயில். இத்தனைக்கும் கண்ணாடி போட்டிருப்பவன் நான்தான் :-)

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2019-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆகாஷ் அகர்வால், கே.வி.எஸ். ஹரி, எஸ்.பி. அருண் மூவரும் தெலுங்கு வாசிப்பவர்களையும் மலையாளம் வாசிப்பவர்களையும் வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மாதிரி எழுத்துகளுக்கு நடுவே மாறுபட்ட ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். தெரிந்த லிபி என்றால் சட்டென்று பிடித்துவிட்டார்கள். இரண்டு எழுத்தை ஒட்டி வைத்தாலும் பழகிய கண்ணுக்கு அவை தனித்தனியாக நிற்கும். பழகாத கண்ணுக்கு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஸ்கேனில், உருவங்களை அடையாளம் காணும் மூளைப் பகுதியிலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. வங்கியில் கள்ளநோட்டு முதலில் கண்ணில்தானே உறுத்தும், அந்த மாதிரிப் பழக்கம்தான்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கத்தைத் தீர்மானித்தது ஒரு கோடு. தமிழர்கள் நேசமணி தலைமையில் நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாட்டியின் தங்கையைக் கட்டிக்கொடுத்தது களியக்காவிளைக்குக் கிழக்கே. நடந்தே போய் வருகிற தூரம். அந்த வீட்டுப் பிள்ளைகளின் கண் பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பழகியது, எங்கள் கண் மலையாளத்துக்கு. எனக்குத் தமிழ் எழுத்து, அப்பா தினத்தந்தித் தலைப்புகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அப்பாவோ 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய கொம்பு வைத்த 'லை'யைத்தான் கடைசிவரை எழுதினார். மலையாளத்திலும் 1971-இல் கூட்டெழுத்துகளைப் பிரித்துச் சுருக்கினார்கள். ஆக ஒரே வீட்டிலேயே கண்கள் வேறு வேறு.

இந்தக் கோட்டுக்கும் முந்தைய சங்கதி ஒன்று உண்டு. தென் திருவிதாங்கூரில் வட்டெழுத்து வழிவந்த மலையாண்மை என்ற லிபி புழங்கியது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகளில்கூட அதைப் பார்க்கலாம். அச்சும் பள்ளிக்கூடமும் பரவிய பிறகு வழக்கொழிந்துவிட்டது. பாட்டியின் பெட்டியில் ஒரு ஓலைக் கட்டு இருக்கிறது. நில விவகாரம் என்பார்கள். தமிழும் மலையாளமும் வாசிக்கிற எனக்கு அது வெறும் கீறல். அதாவது, எனக்கும் ஜிலேபி!

இந்த வயதுக்கு மேல் கண் பழகுமா? லக்னோ பக்கத்துக் கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத, பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டிய பெண்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வந்தது. பார்வைப் புறணி மட்டுமில்லை, அடியில் இருக்கும் தாலமஸ், மூளைத்தண்டு வரை மாற்றம் தெரிந்ததாம்.

ஓலைகளைப் போட்டோ எடுத்து வந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு எழுத்து அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் மகளும் தினமும் அரைமணி நேரம் உட்காருகிறோம். இதுவரை எனக்குப் பிடிபட்டது நாலு எழுத்து, அவளுக்கு ஏழு.