பெட்டிக்குள் அடங்காத பெயர்

கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதில் எத்தனை அபாயம் இருக்கிறது என்பது எனக்குப் போன வருஷம் வரையில் தெரியாது. நாவல்களில் நான் எத்தனையோ கல்யாணங்களை நடத்தி வைத்திருக்கிறேன். இரண்டொன்றைக் கடைசி அத்தியாயத்தில் நிறுத்தியும் இருக்கிறேன். அங்கெல்லாம் பத்திரிகை தானாகவே அச்சாகித் தானாகவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிடும். வாழ்க்கையில் அப்படி இல்லை. "நீதானே எழுதுகிறவன்? பத்திரிகை உன் பொறுப்பு" என்று அண்ணா தம் பெண்ணின் கல்யாணத்தில் அந்த ஒரு காரியத்தை மட்டும் என் தலையில் கட்டிவிட்டார்.

தெருக்கோடியில் உள்ள டி.டி.பி. கடையில் கொடுத்தேன். புரூப் வந்தது. சந்தி, ஒற்று எல்லாம் பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். எழுநூறு பிரதிகள் அச்சாகி வந்தன. நானூறு தபாலிலும் கைவசமும் போய்விட்டன. அதன் பிறகுதான், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற தலைப்பின் கீழ் இருக்க வேண்டிய ஏழு வரிகளில் ஒரு வரி இல்லை என்பது தெரிந்தது.

இல்லாமல் போனது அத்தையின் வரி. தாயார் போன பிறகு எங்கள் மூன்று பேரையும் சோறு போட்டு வளர்த்தவள் அத்தை. ஊரிலிருந்த பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பட்டமும் பதவியும் சேர்த்து அவள் வரிதான் ஏழிலும் நீளமான வரி. அது இல்லை என்பதைக் கண்டுபிடித்தவளும் அவளேதான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். மடித்தாள். உறையில் போட்டாள். "காகிதம் நல்ல காகிதம்" என்றாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை!

கடைக்கு ஓடினேன். அங்கே உட்கார்ந்திருந்த பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். பயந்துவிட்டான். "புரூப் முடிந்த பிறகு உங்கள் அண்ணா போன் பண்ணினார் சார். மண்டபத்துக்கு வழிப்படம் போட வேண்டும் என்றார். இடம் போதவில்லை. பேர்களையெல்லாம் ஒன்றாகப் பிடித்து மேலே ஏற்றினேன். அந்த ஒரு வரி பிடியில் வரவில்லை போலிருக்கிறது. முதலிலேயே குரூப் பண்ணியிருக்க வேண்டும்" என்றான். சொல்லிக்கொண்டே திரையில் வழிப்படத்தைச் சுட்டி ஒரு பக்கமாக இழுத்தான். அடியில் அத்தையின் பெயர் அப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது! அழியவில்லை, மறைந்துதான் இருந்தது. வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை மேலே வைத்து மூடின மாதிரி, வழிப்படம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

எனக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. படத்துக்கு அடியில் ஒரு பெயர் எப்படி உயிரோடு இருக்கும்? காகிதத்தில் ஒன்றின் மேல் ஒன்றை எழுதினால் இரண்டும் கெட்டுப்போகும். இங்கே இரண்டும் பத்திரமாக இருக்கின்றனவே! இந்த வித்தையை யார் முதலில் செய்தார்கள் என்று தேடப் போய், கல்யாண வேலைகளையெல்லாம் அண்ணாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பையன் முதலில் ஒரு பேதத்தைச் சொல்லிக் கொடுத்தான். அதை நான் என் பாஷையில் சொல்கிறேன். வாசலில் போட்ட கோலத்தை அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரிவிக்க இரண்டு வழிகள் உண்டு. தரையில் ஒவ்வொரு மாவுத் துகளும் எங்கே விழுந்திருக்கிறது என்று கணக்கெடுத்துச் சொல்லலாம். அல்லது, "ஏழு புள்ளி, ஏழு வரிசை, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு வளைத்து இழு" என்று சொல்லலாம். போட்டோப் படங்களைக் கம்ப்யூட்டர் முதல் வழியில் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பத்திரிகை வரைகிற நிரல்கள் இரண்டாம் வழிக்காரர்கள். அவற்றுக்குக் கோடு என்பது மாவு அல்ல. இங்கே தொடங்கி அங்கே முடிகிற ஒரு பொருள். பொருள் என்றால் பிடிக்கலாம், நகர்த்தலாம், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாம்.

பிடிப்பது எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால், கதை யுத்த சன்னத்தத்தில் போய் நிற்கிறது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில் லிங்கன் ஆராய்ச்சிசாலை என்று ஒன்று 1951-இல் ஏற்பட்டது. ஆகாயப் பாதுகாப்புக்காக ஏற்பட்ட இடம் அது. 'ஸேஜ்' என்ற பெயரில் அவர்கள் உருவாக்கிய ஏற்பாட்டில், ராடார் கண்ட விமானங்கள் கம்ப்யூட்டர் திரையில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். சிப்பாய் ஒருவன் துப்பாக்கி வடிவிலிருந்த ஒரு கருவியைத் திரையில் ஒரு புள்ளியின் மேல் வைத்து விசையை அழுத்துவான். 'இதைக் கவனி' என்று யந்திரத்துக்கு அர்த்தம். தமிழில் சுட்டுவதற்கும் சுடுவதற்கும் உள்ள தூரம் கொஞ்சந்தான். அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அந்தத் துப்பாக்கி பிறகு சாந்த சொரூபியாகிப் பேனாவாயிற்று. அதே ஆராய்ச்சிசாலையில் டி.எக்ஸ்-2 என்று ஒரு கம்ப்யூட்டர், 1958 முதல் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் முன்னால் ஒளிப்பேனாவுடன் உட்கார்ந்தவர் ஐவன் ஸதர்லாந்து. எம்.ஐ.டி. என்ற பெரிய கலாசாலையின் மாணவர். 1963 ஜனவரியில் 'ஸ்கெட்ச்பாட்' என்ற தம் நிரலைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை சமர்ப்பித்தபோது அவருக்கு வயது 24. மேற்பார்வையிட்டவர் கிளாட் ஷானன். செய்தியை எண்ணால் அளக்கலாம் என்று காட்டிய மேதை.

ஸதர்லாந்து என்ன செய்தார் தெரியுமா? இடது கைக்குப் பொத்தான்கள், வலது கையில் பேனா. ஏழங்குலத் திரை. பேனாவைத் திரையில் வைத்து நகர்த்தினால் கோடு ரப்பர் மாதிரி கூடவே நீளும். முடித்தோம் என்பதற்குப் பேனாவைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டினால் போதும். பேனா ஒரு கோட்டின் அருகே வந்தாலே அந்தக் கோட்டின் மேல்தான் வைக்க நினைக்கிறார் என்று யந்திரம் ஊகித்துக்கொள்ளும்; கை நடுக்கத்தை மன்னிக்கிற யந்திரம்! ஆனால் இவையெல்லாம் வெளிப்பகட்டு. உள்ளே அவர் செய்த காரியந்தான் பெரிது. ஒரு படத்தை மூலமாக வைத்துக்கொண்டு, அதன் பிரதிகளை வேறு படத்தில் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். பிரதியைச் சிறிதாக்கலாம், பெரிதாக்கலாம், திருப்பலாம். அதன் உள் உறுப்புகளைத் தனித்தனியே இழுக்க முடியாது. ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே நகரும். எங்கள் பையன் செய்ய மறந்தது இதைத்தான்.

தம் கட்டுரையில் அவர் தேன்கூடு மாதிரி ஆறு பக்க உருவம் ஒன்றை வரைந்து, அதை ஒட்டி ஒட்டி 900 அறைகள் செய்து காட்டுகிறார். எப்படிச் செய்வது என்று யோசித்த நேரம் உட்பட அரை மணிக்கும் குறைவாகவே ஆயிற்றாம். பிறகு மூல உருவத்தில் கை வைத்து அரைவட்டமாக மாற்றுகிறார். அவ்வளவுதான், கூடு முழுவதும் மீன் செதிளாகிவிட்டது! கண் சிமிட்டும் பெண் ஒருத்தியின் படமும் அந்தக் கட்டுரையில் உண்டு. ஆராய்ச்சிக் கட்டுரையில் கண் சிமிட்டுகிற பெண்ணைச் சேர்த்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கட்டியதைப் பிரிக்கவும் அவர் வழி வைத்திருந்தார். பிரதியை உறுப்பு உறுப்பாகக் கலைக்கலாம். கலைத்த பிறகு மூலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1988-இல் அவருக்கு ட்யூரிங் பரிசு கிடைத்தது.

இது கட்டுகிற கதை. அடுக்குகிற கதை இதைவிடப் பழசு. அது சினிமாவிலிருந்து வந்தது. பொம்மைப் படக்காரர்கள் ஆதியில் ஒவ்வொரு படத்துக்கும் மரம், வீடு, மலை எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப வரைந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கரான ஏர்ல் ஹர்ட் 1914-இல் ஒரு யோசனைக்குப் பேட்டன்ட் கேட்டார்: ஓடுகிற பூனையைக் கண்ணாடி போன்ற ஸெல்லுலாயிட் தாளில் வரை, மலையைக் கீழே ஒரே தடவை வரைந்து வை. பூனை ஓடட்டும், மலை இருந்த இடத்தில் இருக்கும். 1915-இல் பேட்டன்ட் கிடைத்தது. வால்ட் டிஸ்னியின் ஆட்கள் 1937-இல் 'தி ஓல்ட் மில்' என்ற சிறு படத்துக்கு இந்தத் தாள்களை இடைவெளி விட்டுப் பல தட்டுகளாக அடுக்கி, மேலிருந்து காமிராவில் பிடித்தார்கள். எங்கள் பத்திரிகையில் வழிப்படம் மேல்தட்டு, அத்தை கீழ்த்தட்டு.

இனிக் கதை பசிபிக் கரைக்குப் போகிறது. கலிபோர்னியாவில் ஆப்பிள் கம்பெனியின் பில் அட்கின்ஸன், 1984-இல் மாக்கின்டாஷ் கம்ப்யூட்டருடன் வெளிவந்த 'மாக்பெயின்ட்' நிரலை எழுதினவர். எந்தப் பகுதியைப் பிடித்திருக்கிறோம் என்று எப்படிக் காட்டுவது? கறுப்புக் கோடு போட்டால் கறுப்புப் படத்தில் தெரியாது. வெள்ளை போட்டால் வெள்ளையில் தெரியாது. லாஸ் காட்டோஸ் என்ற ஊரில் ஒரு மதுச்சாலையில், நீர்வீழ்ச்சி ஓடுவதுபோல் மினுக்குகிற பீர் விளம்பரப் பலகையைப் பார்த்தாராம். அதிலிருந்து பிறந்ததுதான் பிடித்த பகுதியைச் சுற்றி ஓடுகிற புள்ளிக் கோடு. எறும்பு ஊர்வது போலிருக்கும். எறும்பு என்றே அதற்குப் பெயரும் வந்துவிட்டது. ஆனால் மாக்பெயின்ட் மாவுத்துகள் ஜாதி. ஒட்டினால் ஒட்டினதுதான். அதே வருஷம் வந்த 'மாக்டிரா'வில்தான் கட்டு, அவிழ், முன்னே கொண்டு வா, பின்னே தள்ளு என்ற நான்கு கட்டளைகளும் சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தன. அதை எழுதினவர் மார்க் கட்டர்.

இங்கே ஒரு விஷயம் என்னை மிகவும் சந்தோஷப்படுத்தியது. லாரி டெஸ்லர் என்று ஒருவர், ஸெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலும் பிறகு ஆப்பிளிலும் இருந்தவர், 2020-இல் காலமானார். முதலில் பொருளைப் பிடி, அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று சொல். அதுதான் மனிதனுக்கு இயல்பு என்று விடாமல் வாதாடினார். 1982-இல் பிறந்த 'ஆட்டோகேட்' இதற்கு மாறாக, 'நகர்த்து' என்ற கட்டளையை வாங்கிக்கொண்டு, பிறகு 'எதை?' என்று கேட்டது. யோசித்துப் பாருங்கள்! ஆங்கிலக்காரர் வினைச் சொல்லை முன்னால் வைத்து ஏவுகிறார். நாமோ 'இந்தச் செம்பை எடு' என்கிறோம். செம்பு முதலில், எடுப்பது பிற்பாடு. டெஸ்லர் தமக்குத் தெரியாமலே தமிழ் வாக்கியம் பேசியிருக்கிறார்.

அடோபி கம்பெனியை 1982-இல் சார்லஸ் கெஷ்கியுடன் சேர்ந்து தொடங்கிய ஜான் வார்னாக்குக்கு ஸதர்லாந்துடன் நேர் உறவு உண்டு. ஸதர்லாந்தும் டேவிட் எவன்ஸும் 1968-இல் ஏற்படுத்திய கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். அடோபியின் 'இல்லஸ்ட்ரேட்டர்' 1987-இல் வந்தது. கனடாவில் ஆட்டாவா நகரத்துக் கம்பெனியின் 'கோரல் டிரா' 1989-இல் வந்தது. நம் ஊர் டி.டி.பி. கடைகளில் கோரல் டிரா பிடித்த இடத்தை வேறெதுவும் பிடித்ததாகத் தெரியவில்லை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதன் வழியாகவே வந்தன.

இனி அத்தையின் வழக்குக்கு வருகிறேன். பல பொருள்களை ஒரே மூச்சில் பிடிக்க, அவற்றைச் சுற்றி எலியால் ஒரு பெட்டி இழுக்க வேண்டும். பெட்டிக்குள் யார் யார் சேர்த்தி? இல்லஸ்ட்ரேட்டர் தாராள மனசு: பெட்டியின் விளிம்பு ஒரு பொருளைத் தொட்டாலே அதுவும் உள்ளே. கோரல் டிரா கண்டிப்பு: முழுவதும் அடங்கினால்தான் உள்ளே, தலை நீட்டினால் வெளியே. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் மட்டும் தொட்டதையும் சேர்த்துக்கொள்ளும். ஆட்டோகேட்டில் இரண்டும் உண்டு. இடமிருந்து வலம் இழுத்தால் கண்டிப்பு, வலமிருந்து இடம் இழுத்தால் தாராளம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. தாராளத்தில் வேண்டாதது வந்து ஒட்டும். கண்டிப்பில் வேண்டியது விட்டுப்போகும். விட்டுப்போவது எப்போதும் நீளமானதாகவே இருக்கும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அண்ணாவின் பெயரும் என் பெயரும் குட்டையானவை. பெட்டிக்குள் சுகமாக உட்கார்ந்து மேலே போய்விட்டோம். படித்த படிப்பும் பார்த்த உத்தியோகமும் சேர்ந்து நீண்டுபோன அத்தை கீழேயே நின்றுவிட்டாள்.

"அடுக்கு வேறு, கட்டு வேறா?" என்று பையனைக் கேட்டேன். "வேறுதான் சார்" என்றான். முழுதும் சரியில்லை என்று பிறகு தெரிந்தது. 2001 செப்டம்பரில் உலக வலை அமைப்பு எஸ்.வி.ஜி. என்று ஒரு பொது மொழியை வகுத்தது. அதில் ஒரு தொகுதியைக் கட்ட ஒற்றை எழுத்து: ஜி. 2003-இல் தன்னார்வக்காரர்கள் தொடங்கிய 'இங்க்ஸ்கேப்' நிரலைத் திறந்து உள்ளே பார்த்தால், அடுக்கு என்பதும் அதே ஜிதான். 'இது அடுக்கு' என்று நெற்றியில் ஒரு பொட்டு வைத்த கட்டு, அவ்வளவே. வீட்டில் தட்டு மேல் தட்டாக வைக்கிற அடுக்குப் பாத்திரத்தைக் கயிறு போட்டுக் கட்டித் தூக்கினால் அது அடுக்கா, கட்டா?

மீதி முந்நூறையும் புதிதாக அடிப்பதாகப் பையன் ஒப்புக்கொண்டான். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. "இப்போதே ஒரு பிரதி எடுத்துக் கொடு" என்றேன். கடை சாத்துகிற நேரம். அவன் அவசரத்தில் வழிப்படத்தை அடியோடு நீக்கிவிட்டு ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தான். அத்தையின் வரி மற்ற ஆறு பேருக்கு வெகு கீழே, தனியாக, நீளமாக நின்றது.

ராத்திரியே எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை, கடைசி வரியையும் சேர்த்துப் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்புறம் பார்த்தாள். மறுபடியும் முன்புறம் பார்த்தாள்.

"ஏண்டா, என் பேர் வந்தது சரி. மண்டபத்துக்கு வழியைக் காணோமே! வருகிறவர்கள் எப்படி வந்து சேருவார்கள்?" என்றாள்.