ஒரு மணப்பெண்ணின் விருப்பமும் உலகத்தின் வழக்கமும்

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சரி, புலம்பெயர்ந்த நாடுகளிலும் சரி, எமது திருமண வரவேற்புபசாரங்களில் அடுக்குக் கேக் வெட்டுவது இன்று பெரிதும் பரவிவிட்டது. எங்கள் விருப்பப்படி எளிமையாகச் செய்கிறோமே என்று மணமக்கள் சொன்னால், "வழக்கத்தை விடலாமோ?" என்று பெரியவர்கள் கேட்கின்றனர். அந்த வழக்கங்கள் சிலவற்றின் ஊற்றைத் தேடுபவர் 1840ஆம் ஆண்டின் இலண்டனுக்குப் போய்ச் சேரவேண்டியிருக்கிறது.

ஆளும் அரசியிடம் எவரும் திருமணம் கேட்கக்கூடாது என்பது அன்றைய அரண்மனை முறை. ஆகவே விக்டோரியா மகாராணியே 1839 ஒக்டோபர் 15ஆம் திகதி இளவரசர் அல்பேர்ட்டிடம் தம் விருப்பத்தை வெளியிட்டார். 1840 பெப்ரவரி 10ஆம் திகதி, சென். ஜேம்ஸ் அரண்மனைத் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. அரச குடும்பத் திருமணங்கள் இரவில் நடப்பதே முன்னைய வழமை. இதுவோ பட்டப்பகலில் நடந்தது.

அக்காலத்து அரச மணப்பெண்கள் வெள்ளிச் சரிகை ஆடைகளை அணிந்தனர். சாதாரணப் பெண்கள் தம்மிடமுள்ள நல்ல ஆடையை, அது எந்த நிறமாயினும், அணிந்தனர். வெள்ளை முற்றிலும் புதியதன்று. 1558இல் ஸ்கொட்லாந்தின் மேரி அரசியும் அதை அணிந்திருந்தார். விக்டோரியா முடியையும் அரச அங்கியையும் விடுத்து, வெண்பட்டு ஆடையையும் தோடம்பூச் சரத்தையும் தேர்ந்தார். இதில் ஒரு நோக்கமும் இருந்தது. இயந்திர ரேந்தையின் வரவால் நலிந்துகொண்டிருந்த டெவன் பகுதிக் கைவினைப் பெண்களுக்கு அந்த ஆடை வேலை கொடுத்தது. 200க்கு மேற்பட்டோர் அதன் ரேந்தையைப் பின்னினர்.

விருந்தினர் பட்டியலும் அவருடையதே. அல்பேர்ட்டுக்கான ஆண்டுக் கொடுப்பனவு 50,000 பவுணிலிருந்து 30,000 ஆகக் குறைக்கப்பட்ட கோபத்தில், டோரிக் கட்சியினரில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களையே அவர் அழைத்தார். பக்கிங்ஹாம் அரண்மனை விருந்துக்கு வந்த கேக்கின் நிறை ஏறத்தாழ 300 இறாத்தல்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. ஒன்பது ஆண்டுகளின் பின், 1849இல், அமெரிக்காவின் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற பெண்கள் சஞ்சிகை, மணப்பெண்ணுக்கு வெள்ளையே உகந்தது என்பது ஆதிகாலம் முதல் வந்த வழக்கம் என்று எழுதியது! 1858இல் விக்டோரியாவின் மூத்த மகள் தம் திருமணத்துக்கு மெண்டல்சன் 1842இல் ஒரு நாடகத்துக்காக அமைத்த இசையைத் தேர்ந்தார். அதுவே பின்னர் உலகெங்கும் திருமண இசையாயிற்று. அவரது கேக்கின் மேலடுக்குகள் வெறும் சீனி அலங்காரங்களே. முழுவதும் உண்ணத்தக்க அடுக்குக் கேக், 1882இல் அவரது தம்பி லியோபோல்டின் திருமணத்தில்தான் வந்தது என்பர்.

ஆக, ஒரு குடும்பத்தினர் தமக்குப் பிடித்தவாறு செய்தவை, நூறு ஆண்டுகளுக்குள் மற்றவர்கள் கடன்பட்டேனும் செய்யவேண்டிய கடமைகளாகிவிட்டன. நகலெடுத்தவர்கள் கேக்கையும் வெள்ளை ஆடையையும் எடுத்துக்கொண்டார்களேயன்றி, அவற்றைத் தேர்ந்த சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

உறவினர் கூடிச் சாட்சியாக நிற்பதும், வந்தவர்களுக்கு வயிறார உணவிடுவதும் எமது திருமணங்களின் உயிர்நாடி. அவை நிலைக்கட்டும். மண்டபம் பெரிதா சிறிதா, கேக்கா பலகாரமா, எந்த இசை, எத்தனை பேர் என்பவற்றை மணமக்களிடமே விட்டுவிடுவதால் எந்த மரபும் அழிந்துவிடாது. பெற்றோரின் தலையில் ஏறும் கடன் மட்டும் சற்றுக் குறையும்.