மங்கு

என் சித்தி இருபது வருடமாகச் சித்தாள் வேலை பார்க்கிறாள். 2011இல் ஆனையூரை மதுரை மாநகராட்சியோடு சேர்த்த பிறகு எங்கள் பக்கம் வீடு கட்டுவது நிற்கவே இல்லை. கூடல் நகர் வரைக்கும் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு வீட்டைக் காட்டி, “இதுக்கு நான்தான் சாந்து சுமந்தேன்” என்பாள். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில். சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்போது இரண்டு கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் பழுப்பாக ஒரு படலம் வந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மங்கு. “மொகத்துல மங்கு விழுந்துருச்சு” என்பார்கள். டாக்டர்கள் மெலாஸ்மா என்கிறார்கள். வெயில், பிள்ளைப்பேற்றுக் கால ஹார்மோன், குடும்பவாகு என்று மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை. பாட்டி கஸ்தூரி மஞ்சளை அரைத்துக் கொடுத்தாள். மங்கு போகவில்லை.

சித்தி மகள் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான் ஒரு டியூப் வாங்கிக் கொடுத்தேன். ஹாஸ்டலில் தோழி ஒருத்தி போட்டுக்கொண்டிருந்தாள். மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்கள். சீட்டு கேட்கவில்லை. மூன்று வாரத்தில் மங்கு வெளுத்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் சித்தி பத்து வயது குறைந்தவள் போல இருந்தாள். எனக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகு அவளே வாங்கிப் போட ஆரம்பித்திருக்கிறாள். இரண்டு வருடம். ஊருக்குப் போனபோது பார்த்தால் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள், பொடிப் பருக்கள், பூனைமுடி. “ஒருநாள் போடலேன்னா மொளகாப்பொடி அப்புன மாதிரி எரியுதுத்தா” என்றாள். அன்றைக்குத்தான் அந்த டியூபின் பின்பக்கத்தை முதன்முதலாகப் படித்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன். இந்த மூன்று பெயர்களும் எங்கிருந்து என் சித்தி முகத்துக்கு வந்தன என்று தேடிப் போனதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பெயரின் கதை ஒரு தோல் பதனிடும் ஆலையில் தொடங்குகிறது. 1930களின் கடைசியில் அமெரிக்காவில் அப்படி ஓர் ஆலையில் வேலை பார்த்த தொழிலாளர்களுக்குக் கைகள் திட்டுத்திட்டாக வெளுத்தன. பாதுகாப்புக்காக அவர்களுக்குக் கொடுத்திருந்த ரப்பர் கையுறைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ரப்பர் கெடாமல் இருக்கச் சேர்த்த ஒரு ரசாயனம், தோலின் நிறமியைக் கொன்றிருக்கிறது. ஹைட்ரோகுவினோன் அந்த ரசாயனத்துக்கு நெருங்கிய உறவு. மெலனின் உண்டாவதற்குத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியை அது தடுக்கும். தொழிலாளிக்கு நோயாக வந்தது, பிறகு கடைக்கு மருந்தாக வந்தது.

இரண்டாவது பெயர்தான் இதில் பெரிய ஆள். ட்ரெட்டினாயின் என்பது வைட்டமின் ஏயிலிருந்து வரும் அமிலம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் க்ளிக்மன் என்ற தோல் மருத்துவர் அதைப் பருவுக்கு மருந்தாக்கினார். 1971இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பருவுக்காக அதைப் போட்ட நடுத்தர வயதுப் பெண்கள், பரு போனதோடு முகம் வழவழப்பானது, சுருக்கம் குறைந்தது என்றார்கள். 1986இல் க்ளிக்மனும் சகாக்களும் அதைக் கட்டுரையாக்கினார்கள். 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் வூரீஸ் குழுவினர் 30 பேரிடம் 16 வாரம் சோதனை செய்தார்கள். வெயில்பட்டு முதிர்ந்த தோல் ஒரு களிம்பால் ஓரளவு திரும்பும் என்று அந்தச் சோதனை காட்டியபோது அங்கே மருந்துக்கடைகளில் அடிதடி. 1995இல் வெயில் முதுமைக்கென்றே ட்ரெட்டினாயின் களிம்புக்கு அனுமதி கொடுத்தார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் மிச்சிகன்காரர்கள்தான் 1990களில் விளக்கினார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும், தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜனை அறுக்கும் நொதிகள் பெருகுகின்றன. முகம் சிவந்து கன்றிப்போகும் அளவுக்குக்கூட வெயில் பட வேண்டியதில்லை. தினமும் கொஞ்சம் அறுபட்டு, கொஞ்சம் ஒட்டுப்போட்டு, இருபது வருடத்தில் அது சுருக்கமாகிறது. ட்ரெட்டினாயின் அந்த அறுப்பைக் குறைத்துப் புதுக் கொலாஜனை வளர்க்கிறது. பொய்யான மருந்து இல்லை. இன்றைக்கும் வெயில் முதுமைக்கு மிக அதிகமாகச் சோதிக்கப்பட்ட களிம்பு அதுதான்.

ஆனால் அது எந்தத் தோலில் சோதிக்கப்பட்டது? க்ளிக்மன் 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மேல் ஆராய்ச்சி நடத்தினார். அவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். ட்ரெட்டினாயினும் அங்கே சோதிக்கப்பட்டது. அழகுசாதனங்கள் முதல் நச்சான டையாக்சின் வரை முதுகிலும் கையிலும் பூசிப் பார்த்தார்கள். முதன்முதலாக அந்தச் சிறைக்குள் போனபோது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஏக்கர் கணக்கில் தோல்தான் என்றும், விளைநிலத்தைப் பார்த்த விவசாயியைப் போல உணர்ந்ததாகவும் அவர் 1966இல் ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லியிருக்கிறார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அந்த உவமையைப் படித்தபோது வயிற்றைப் புரட்டியது. 2021இல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவும், 2022இல் பிலடெல்பியா நகரமும் மன்னிப்புக் கேட்டன. க்ளிக்மன் 2010லேயே இறந்துவிட்டார்.

மூன்றாவது, ஸ்டீராய்டு. 1952இல் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிக் கரப்பான், அரிப்பு போன்றவற்றை ஆற்றலாம் என்று நியூயார்க் மருத்துவர்கள் காட்டினார்கள். அதிலிருந்து வீரியம் கூடிய ஸ்டீராய்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எரிச்சலை அடக்கும், நிறத்தையும் வெளுக்க வைக்கும். நாள்பட்டால் தோலை வெங்காயச் சருகாக்கிவிடும்.

இனி 1975க்கு வருவோம். அந்த ஒரே வருடத்தில் மூன்று காரியம் நடந்தது. க்ளிக்மன் இந்த மூன்றையும் ஒரே களிம்பில் கலந்து, நிறம் நீக்கப் புதிய சூத்திரம் என்று வெளியிட்டார். 5 சதவீத ஹைட்ரோகுவினோன், 0.1 சதவீத ட்ரெட்டினாயின், 0.1 சதவீத டெக்சாமெத்தசோன். தென்னாப்பிரிக்காவில் ஃபின்ட்லே என்ற மருத்துவரும் சகாக்களும், ஹைட்ரோகுவினோன் களிம்பை வருடக்கணக்கில் பூசிய கறுப்பினப் பெண்களின் முகம் வெளுப்பதற்குப் பதிலாக நீலக்கருப்பாகத் தடித்துப்போவதைப் பதிவு செய்தார்கள். இந்தியாவில் இந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியை விற்க ஆரம்பித்தது. மருந்தும் அதன் எச்சரிக்கையும் ஆசையும் ஒரே வருடத்தில் பிறந்தவை. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை மருந்தும் ஆசையும் மட்டும்தான்.

2002இல் அமெரிக்கா மங்குக்கென்று ஒரு மூன்று மருந்துக் களிம்பை அனுமதித்தபோது அதிகபட்சம் எட்டு வாரம் என்று எல்லை போட்டது, வெயில்காப்புடன்தான் என்றும் சொன்னது. நம் ஊரில் அதே கலவை மொமெட்டாசோனோடு, முகம் வெளுக்கும் க்ரீமாகச் சீட்டில்லாமல் புழங்கியது. தோல் மருத்துவர்களிடம் இந்த முகங்கள் வரிசைகட்டி வந்ததில், ஸ்டீராய்டால் சேதமான முகம் என்று அதற்கு ஒரு தனிப் பெயரே வைத்தார்கள். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச் பட்டியலுக்குக் கொண்டுவந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. நான் வாங்கியது அதற்குப் பிறகுதான்.

இங்கே எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வெள்ளைத் தோலில் வெயில் முதுமை என்றால் முதலில் சுருக்கம். நம் தோலில் மெலனின் ஒரு குடை மாதிரி இருப்பதால் சுருக்கம் பிந்தி வரும், நிறத்திட்டுதான் முந்தி வரும். ஆகவே அங்கே இளமைக்காகப் பூசுவதும் இங்கே நிறத்துக்காகப் பூசுவதும் ஒரே வெயிலின் இரண்டு முகம்தான். ஆனால் சிவப்பழகு வியாபாரம் இந்த இடத்தில் புகுந்து ஒரு கண்கட்டு வேலை செய்தது. மங்கு போக வேண்டும் என்பதும் வெள்ளையாக வேண்டும் என்பதும் ஒன்றே என்று நம்பவைத்தது. 2020இல் ஃபேர் என்ற சொல் க்ளோ என்று மாறியது. சித்தி எப்போதும் வெள்ளையாகக் கேட்டவள் இல்லை. அவள் கேட்டது தன்னுடைய சொந்தக் கருப்பைத்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு டியூப் வாங்கியது நான்.

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா திட்டவில்லை. “நீங்க மொத ஆள் இல்லம்மா” என்றார். களிம்பைப் படிப்படியாக நிறுத்த வேண்டும், நிறுத்தும்போது முகம் இன்னும் சிவக்கும், பயந்து மறுபடி அதையே போட்டுவிடக் கூடாது என்றார். நாலைந்து மாதம் ஆனது. எரிச்சல் போய்விட்டது. சிவப்பு நரம்புகள் கொஞ்சம் இருக்கின்றன. மங்கு பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது.

சன்ஸ்க்ரீன் பற்றிக் கேட்டேன். ஆஸ்திரேலியாவில் நாலரை வருடம் நடந்த ஒரு சோதனையில், தினமும் பூசியவர்களுக்கு இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. 2013இல் வெளியான முடிவு அது. ஆனால் வியர்வை வழிய வழிய வேலை பார்ப்பவள் இரண்டு மணிக்கொரு தடவை பூச வேண்டும். அவள் கூலியில் அது கட்டாது. மேலும் நம் நிறத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே மங்கைக் கூட்டும். சாதாரண சன்ஸ்க்ரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு, அதாவது காவிக்கல்லுக்கு நிறம் கொடுக்கும் அதே பொருள், கலந்திருந்தால்தான் தடுக்கும். கெட்டியான துணி எல்லாவற்றையும் தடுக்கும்.

சித்தாள்கள் சேலைமேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி வேலை பார்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். சித்தியும் அப்படித்தான், துண்டை மூக்கு வரைக்கும் இழுத்துக் கட்டுவாள். டியூப் போட்ட இரண்டு வருடம் மட்டும் துண்டைக் கட்டவில்லை என்று டாக்டரிடம் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. ஏன் என்று வெளியே வந்து கேட்டேன்.

“மொகம் நல்லாயிருந்துச்சு. நாலு பேரு பாக்கட்டுமேன்னுதான்.”

இப்போது மறுபடி கட்டுகிறாள். போன மாதம் நான் வாங்கிக் கொடுத்தது சித்தப்பா அளவுக்கு ஒரு முழுக்கைச் சட்டை, இரண்டு பருத்தித் துண்டு. பிரித்துப் பார்த்துவிட்டு, “இதுக்காத்தா அம்புட்டுப் படிச்ச?” என்று சிரித்தாள்.