சொகுசுக் கப்பல்களில் இனாம் வழங்கும் வழக்கம்

சொகுசுக் கப்பல்களில் இனாம் வழங்கும் வழக்கம் என்பது, பயணிகளின் அறையைப் பேணுவோர், உணவு பரிமாறுவோர் முதலிய கப்பல் பணியாளர்களுக்குப் பயணக் கட்டணத்துக்கு மேலாகப் பயணிகள் பணம் கொடுக்கும் வழக்கத்தைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது 'டிப்ஸ்' எனப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நீராவிக் கப்பல்களில், பயணத்தின் கடைசி நாளில் கையில் வைக்கப்பட்ட நாணயமாகத் தொடங்கிய இவ்வழக்கம், இன்று பெரும்பாலான கப்பல்களில் நாள்தோறும் பயணியின் கணக்கில் சேரும் கட்டணமாக மாறியுள்ளது. யாருக்கு, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்ற கேள்விக்கான விடை காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. அதன் அடியில் உள்ள கேள்வி மட்டும் மாறவில்லை. பணியாளரின் ஊதியத்தைக் கொடுக்க வேண்டியவர் யார், கப்பல் நிறுவனமா, பயணியா?

சொற்கள்

'இனாம்' என்பது அரபு மொழியில் தோன்றித் தமிழுக்கு வந்த சொல். முற்காலத்தில் அரசர்கள் கொடையாக அளித்த நிலங்களும் இனாம் நிலங்கள் என்றே அழைக்கப்பட்டன. விருப்பத்தின் பேரில் கொடுப்பது என்ற பொருள் இச்சொல்லில் உள்ளது.

இன்றைய கப்பல் நிறுவனங்கள் தங்கள் பட்டியல்களில் 'கிராஜுவிட்டி' அல்லது 'சேவைக் கட்டணம்' என்று குறிப்பிடுகின்றன. இந்தியாவில் கிராஜுவிட்டி என்றால், நீண்ட காலப் பணிக்குப் பின் தொழிலாளி சட்டப்படி பெறும் பணிக்கொடை என்றே பலரும் புரிந்துகொள்வர். கப்பல் பட்டியலில் வரும் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அங்கே அது இனாமைக் குறிக்கிறது.

பயணியின் அறையைப் பேணும் பணியாளர் 'ஸ்டூவர்டு' எனப்படுவார். இப்பணியில் உள்ள பெண்கள் முன்னர் 'ஸ்டூவர்டஸ்' எனப்பட்டனர். இக்கட்டுரையில் இருபாலரும் அறைப் பணியாளர் என்றே குறிக்கப்படுகின்றனர்.

நீராவிக் கப்பல் காலம்

1840ஆம் ஆண்டு ஜூலையில் குனார்ட் நிறுவனத்தின் 'பிரிட்டானியா' கப்பல் லிவர்பூலில் இருந்து ஹாலிஃபாக்ஸ் வழியாகப் பாஸ்டனுக்குப் புறப்பட்டது. குறித்த நாளில் புறப்பட்டு அட்லாண்டிக் கடலைக் கடக்கும் நீராவிக் கப்பல் போக்குவரத்து இதன்பின் நிலைபெற்றது. அதே காலத்தில் பி அண்ட் ஓ நிறுவனம் கிழக்கு நாடுகளுக்கான அஞ்சல் போக்குவரத்தை வளர்த்தது. இக்கப்பல்களில் பணம் படைத்த பயணிகள் பல நாட்கள் தங்கியிருந்தனர். வீட்டில் வேலையாட்கள் செய்த பணிகளைக் கப்பலில் அறைப் பணியாளர்கள் செய்தனர். கடல் கொந்தளிப்பில் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்த பயணியைக் கவனித்துக்கொள்வதும் அவர்கள் வேலையே. விருந்தினராகத் தங்கிய வீட்டை விட்டுப் புறப்படும்போது வேலையாட்களுக்குப் பணம் கொடுக்கும் பழக்கம் இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. கப்பலிலும் அதே முறை தொடர்ந்தது.

இன்பச் சுற்றுலாவுக்காகவே கப்பலில் செல்லும் வழக்கம் இதற்குப் பின்னர் வளர்ந்தது. 1891 ஜனவரியில், ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின் 'அகஸ்டா விக்டோரியா' கப்பலை 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடல் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பினார். பயணம் சுமார் இரண்டு மாதம் நீடித்தது. ஒரே பணியாளர் ஒரே பயணிக்கு வாரக்கணக்கில் பணி செய்ததால், கடைசி நாளில் கணக்குத் தீர்ப்பதுபோல இனாம் கொடுப்பது எளிதில் ஊன்றிக்கொண்டது.

ஊதியமும் இனாமும்: ஒரு கணக்கு

1912இல் டைட்டானிக் கப்பலில் பணியாற்றிய அறைப் பணியாளரின் மாத ஊதியம் 3 பவுண்டு 15 ஷில்லிங். பெண் பணியாளருக்கு 3 பவுண்டு 10 ஷில்லிங். அக்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் முதல் வகுப்புப் பயணி, பயண முடிவில் தம் அறைப் பணியாளருக்கு அரைப் பவுண்டு, அதாவது 10 ஷில்லிங் கொடுப்பது பரவலாக இருந்தது. 20 ஷில்லிங் சேர்ந்தது ஒரு பவுண்டு. ஆகவே மாத ஊதியம் 75 ஷில்லிங். எட்டுப் பயணிகள் ஆளுக்கு 10 ஷில்லிங் கொடுத்தால் 80 ஷில்லிங். ஒரு வாரப் பயணத்தின் இனாம், ஒரு மாத ஊதியத்தைத் தாண்டிவிடும்.

இக்கணக்கை நிறுவனங்களும் அறிந்திருந்தன. இனாம் வரும் என்பதால் ஊதியத்தைக் குறைவாக வைக்க முடிந்தது. ஊதியம் குறைவு என்பதால் பணியாளர் இனாமை எதிர்பார்த்தார். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகி, விருப்பக்கொடை மெல்ல மெல்ல ஊதியத்தின் பகுதியாயிற்று.

இதன் தீமை இக்கட்டான நேரத்தில் வெளிப்பட்டது. அன்றைய பிரித்தானியச் சட்டப்படி, கப்பல் மூழ்கினால் கப்பலோடு பணியும் முடிந்துவிடும். டைட்டானிக் பணியாளர்களின் ஊதியம் 1912 ஏப்ரல் 15 அன்றே நின்றது. பயணம் முடியாததால் இனாமும் இல்லை. 1920இல் ஜெனோவா நகரில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, கப்பல் மூழ்கியதால் வேலையிழப்போருக்கு இரண்டு மாத ஊதியம் வரை இழப்பீடு தரவேண்டும் என்ற உடன்படிக்கையை ஏற்றது. ஆனால் இழப்பீடு ஒப்பந்த ஊதியத்தின் அடிப்படையில் கணக்கிடப்பட்டது. வருமானத்தின் பெரும்பகுதியை இனாமாகப் பெற்றவருக்கு இது சிறிய தொகையே.

ஒலிம்பிக், டைட்டானிக், பிரிட்டானிக் ஆகிய மூன்று கப்பல்களிலும் பணியாற்றிய வயலட் ஜெசப் (1887–1971) எழுதிய நினைவுக் குறிப்புகள் 1997இல் நூலாக வெளிவந்தன. அக்காலக் கப்பல் பணிப்பெண்களின் வாழ்க்கையைப் பணிப்பெண் ஒருவரே எழுதிய அரிய ஆவணம் அது.

ஆசியப் பணியாளர்களும் மேல்தளப் பயணிகளும்

இந்தியப் பெருங்கடலில் ஓடிய பி அண்ட் ஓ, பிரிட்டிஷ் இந்தியா நிறுவனக் கப்பல்களின் உணவுக்கூடங்களிலும் அறைகளிலும் பெரும்பாலும் கோவாவைச் சேர்ந்தவர்கள் பணியாற்றினர். 'லாஸ்கர்' எனப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர்களுக்கு ஐரோப்பியரைவிட மிகக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. ஆகவே இனாமின் தேவையும் அவர்களுக்கு அதிகம்.

இவ்வழக்கம் எல்லாப் பயணிகளையும் தொடவில்லை. சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களில் இருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு 1926 முதல் 1973 வரை சென்றுவந்த 'ரஜூலா' கப்பலில் பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். தாங்கள் கொண்டுவந்த பாயை விரித்துப் படுத்த அவர்களுக்கு அறையும் இல்லை, அறைப் பணியாளரும் இல்லை. இனாம் என்பது அறை எடுக்க வசதி இருந்தவர்களின் வழக்கமாகவே இருந்தது.

கரையில் எழுந்த எதிர்ப்பு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இனாமுக்கு எதிர்ப்பு எழுந்தது. குடிமக்கள் அனைவரும் சமம் என்று கூறும் நாட்டில் ஒருவர் மற்றவரிடம் கையேந்தி நிற்பது பொருந்தாது என்பது எதிர்ப்பாளர் வாதம். 1909இல் வாஷிங்டன் மாநிலம் இனாமைத் தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. எனினும் 1926க்குள் இச்சட்டங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன.

கப்பல் அறைப் பணியாளருக்கு ஒப்பானவர்கள் அமெரிக்க ரயில்களின் புல்மன் படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பினத்தவர். அவர்களும் குறைந்த ஊதியத்தில் இனாமை நம்பி வாழ்ந்தனர். 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, 12 ஆண்டுகள் போராடி, 1937இல் நிறுவனத்துடன் ஊதிய ஒப்பந்தம் செய்துகொண்டனர். தடைச்சட்டங்களால் ஆகாத மாற்றத்தை இவ்வொப்பந்தம் தொடங்கிவைத்தது.

வேற்று நாட்டுக் கொடி

இதைப் போன்ற ஒப்பந்தங்கள் கப்பல் பணியாளருக்கு எளிதில் கிட்டாமல் போனதற்கு ஒரு காரணம் கப்பலின் கொடி. கப்பல் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாட்டின் சட்டமே பெரும்பாலும் அதில் செல்லும். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த 1922ஆம் ஆண்டில், 'ரிலையன்ஸ்', 'ரெசல்யூட்' என்ற இரு பயணக் கப்பல்கள் பனாமா நாட்டுப் பதிவுக்கு மாற்றப்பட்டன. பயணிகளுக்கு மது வழங்குவதே நோக்கம். பின்னர் வரியையும் ஊதியச் செலவையும் குறைக்க எண்ணிய உரிமையாளர்கள் பனாமா, லைபீரியா, பகாமாசு நாடுகளில் கப்பல்களைப் பதிந்தனர். அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வேற்று நாட்டுக் கொடியுள்ள கப்பலின் மாலுமிகளுக்குப் பொருந்தாது.

1958 அக்டோபரில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் ஜெட் விமானப் போக்குவரத்து தொடங்கியதும், கடல் கடக்கும் பயணிகள் கப்பலை விட்டகன்றனர். கப்பல்கள் சுற்றுலாவுக்குத் திரும்பின. 1966 டிசம்பரில் 'சன்வார்டு' கப்பல் மயாமியில் இருந்து கரீபியப் பயணங்களைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் தோன்றிய நிறுவனங்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா, கரீபியத் தீவுகள் முதலிய இடங்களில் இருந்து ஆட்களைச் சேர்த்தன. பயணக் கட்டணம் நடுத்தர மக்களுக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது. பெரிய கப்பல்கள் சிலவற்றில் அறைப் பணியாளரின் அடிப்படை ஊதியம் மாதத்துக்குச் சுமார் 50 டாலராகவே இருந்தது. மற்றதெல்லாம் இனாம். விளம்பரத்தில் தெரிந்த கட்டணம் குறைவாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உறை முறை

1970களில் இருந்து 1990கள் வரை பெரும்பாலான கப்பல்களில் ஒரே நடைமுறை இருந்தது. பயணம் முடிவதற்கு முன் பயணியின் அறையில் சில காகித உறைகளும் ஒரு குறிப்புத் தாளும் வைக்கப்படும். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அத்தாள் கூறும். 1990களில் அறைப் பணியாளருக்கு ஒரு பயணி நாளொன்றுக்கு 3 முதல் 3.50 டாலர் வரை கொடுப்பதும், பரிமாறுபவருக்கு ஏறத்தாழ அதே தொகையும், உதவிப் பரிமாறுபவருக்கு அதில் பாதியளவும் கொடுப்பதும் வழக்கம். கடைசி இரவில் உறைகள் கைமாறும். இனாம் கொடுக்க மனமில்லாதவர்கள் கடைசி இரவு உணவுக்கு வராமல் தவிர்ப்பதும் உண்டு. அன்று வெறுங்கையோடு நின்ற பணியாளருக்கு ஒரு வார உழைப்பின் பெரும்பகுதி கிடைக்காமல் போயிற்று.

இதற்கு மாறாக, ஹாலந்து அமெரிக்கா நிறுவனம் பல ஆண்டுகள் 'இனாம் கட்டாயமில்லை' என்ற கொள்கையை அறிவித்திருந்தது. அப்போதும் பயணிகள் பலர் கொடுத்தனர். 2000களில் அந்நிறுவனமும் கணக்கில் சேர்க்கும் முறைக்கு மாறியது.

கணக்கில் சேர்க்கும் முறை

2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம், விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் உண்ணும் முறையை அறிமுகம் செய்தது. அதற்கு முன் ஒரு பயணி பயணம் முழுவதும் ஒரே மேசையில், ஒரே பணியாளரிடம் உண்டார். புதிய முறையில் ஒவ்வொரு வேளையும் வேறு பணியாளர். யாருக்கு உறை கொடுப்பது என்ற குழப்பம் எழுந்தது. எனவே நாளொன்றுக்கு இவ்வளவு என்று பயணியின் கணக்கில் சேர்த்து, பணியாளரிடையே பகிர்ந்தளிக்கும் முறை பரவியது. ராயல் கரீபியன் நிறுவனம் 2013இல் இம்முறைக்கு வந்தது. பயணியின் கண்ணில் படாத சலவை, சமையல் பிரிவினருக்கும் சில கப்பல்களில் பங்கு கிடைத்தது. அதே வேளையில், தாம் கொடுத்த பணம் யாரைச் சேர்ந்தது என்று பயணி அறிய வழியில்லாமல் போயிற்று.

வேறொரு பாதையும் உண்டு. பிரித்தானியாவின் பி அண்ட் ஓ குரூசஸ் நிறுவனம் 2019 மே மாதம் முதல் தனிச் சேவைக் கட்டணத்தை நீக்கிப் பயணக் கட்டணத்திலேயே அடக்கியது. சீபோர்ன், சில்வர்சீ முதலிய உயர்வகைக் கப்பல்களிலும் இனாம் கட்டணத்தில் அடக்கம்.

இன்றைய நடைமுறை

2020களின் நடுப்பகுதியில், அமெரிக்கச் சந்தையின் பெரிய கப்பல்களில் சாதாரண அறைப் பயணி ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 16 முதல் 20 டாலர் வரை கணக்கில் சேர்க்கப்படுகிறது. உயர்வகை அறைகளுக்கு இது கூடுதல். குழந்தைகளுக்கும் பெரும்பாலும் இதே தொகைதான். நால்வர் கொண்ட குடும்பம் ஏழு இரவு பயணம் செய்தால், நாளொன்றுக்கு 18 டாலர் வீதம் மொத்தம் 504 டாலர் ஆகும். பானங்களுக்கும் அழகு நிலையச் சேவைகளுக்கும் 18 முதல் 20 விழுக்காடு வரை தனியே சேர்க்கப்படுவது உண்டு.

பயணச்சீட்டு வாங்கும்போதே இத்தொகையைச் செலுத்திவிடலாம், அல்லது பயணக் கணக்கில் நாள்தோறும் சேரவிடலாம். பல நிறுவனங்களில் கப்பலின் விருந்தினர் சேவைப் பிரிவில் கேட்டு இதைக் குறைக்கவோ நீக்கவோ இயலும். பணியில் குறை இருந்தால், அதை உடனே அப்பிரிவில் தெரிவித்துச் சரிசெய்ய வாய்ப்பளிப்பது முறை. கடைசி நாளில் முழுத் தொகையையும் நீக்கினால், குறைக்குத் தொடர்பில்லாதவர்களின் பங்கும் குறையக்கூடும். சிறப்பாகப் பணி செய்தவருக்குக் கூடுதலாகக் கையில் கொடுக்கத் தடையில்லை. முதல் நாளில் சிறு தொகையும் முடிவில் மீதியும் கொடுப்போர் உண்டு. ஆயினும் கடைசி மாலையே பொதுவான நேரம். கணக்கில் சேரும் தொகையை நீக்கிய பயணி கையில் கொடுக்கும் பணத்தை, பணியாளர் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்ற விதி சில நிறுவனங்களில் உள்ளது.

சட்டப் பாதுகாப்பு

1995இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, காயமடைந்த சொகுசுக் கப்பல் பணியாளரின் இழந்த ஊதியத்தைக் கணக்கிடும்போது அவர் சராசரியாகப் பெற்ற இனாமையும் சேர்க்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இனாம் விருப்பக்கொடையாக அழைக்கப்பட்டாலும் உண்மையில் ஊதியமே என்பதை இத்தீர்ப்பு ஏற்றது.

2006இல் ஜெனிவாவில் ஏற்கப்பட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் இதை ஏற்றது. கப்பலில் எவ்வகைப் பணி செய்பவரும் கடற்பணியாளரே என இது வரையறுக்கிறது. எனவே அறைப் பணியாளரும் இதன் பாதுகாப்புக்குள் வருகிறார். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாட்களில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு என்பது இதில் கூறப்படும் அளவுகளுள் ஒன்று.

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் சொகுசுக் கப்பல்கள் நின்றன. பயணிகள் இறங்கிய பின்னும் பல்லாயிரம் பணியாளர்கள் வீடு திரும்ப இயலாமல் மாதக்கணக்கில் கப்பல்களிலேயே இருந்தனர். பயணி இல்லாத கப்பலில் இனாம் இல்லை. 1912இல் கண்ட அதே நிலையை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் பணியாளர் கண்டனர்.

பொன் நாணயம், காகித உறை, நாட்கட்டணம் என இனாமின் வடிவம் மாறியுள்ளது. பயணியின் விருப்பத்தைப் பொறுத்த வருமானத்தில் பணியாளர் வாழும் நிலை பல கப்பல்களில் இன்னும் மாறவில்லை. கட்டணத்திலேயே ஊதியத்தை அடக்கும் நிறுவனங்கள், வேறு வழியும் உண்டு என்பதற்குச் சான்றாக உள்ளன. மற்றக் கப்பல்களில் பயணம் செய்வோர், இத்தொகையைப் பயணச் செலவின் ஒரு பகுதியாக முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்வதே பொருத்தமானது.