தமிழ்ப் போர்ப் புனைகதையில் தேசியம்

தமிழ் நாவல்களில் வரும் போர் பெரும்பாலும் கடல் கடந்து நடப்பது. இல்லையென்றால் பல நூற்றாண்டுகளுக்கு முன் நடந்தது. ஈழத்து எழுத்து இதற்கு விலக்கு.

போரைப் பாடும் மரபு மிகப் பழையது. சேந்தமங்கலத்தை ஒட்டி எழும் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்ததை அகநானூறு சொல்கிறது. கொன்றவனையும் மாண்டவனையும் கடையெழு வள்ளல்களாக ஒரே வரிசையில் வைத்துப் போற்றியது அந்த மரபு. அங்கே விசுவாசம் மன்னனுக்கு. தேசம் என்ற எண்ணம் பின்னால் வந்தது.

அதை வெகுமக்கள் கதைக்குள் கொண்டுவந்ததில் கல்கிக்குப் பெரும் பங்கு உண்டு. 1941இல் தொடங்கிய ‘பார்த்திபன் கனவு’ தொடரில் பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுக்கும் சோழனை, வெள்ளையர் ஆட்சிக்கால வாசகர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போர் வேறு வகை நாவலைத் தந்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி தலைமையேற்றதும் மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் உட்படத் தமிழர்கள் பெருமளவில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். அகிலனின் ‘நெஞ்சின் அலைகள்’ இந்தப் பின்னணியில் எழுந்தது. ஆனாலும் இத்துறையின் தலையாய பெயர் ப. சிங்காரம் (1920–1997). சிங்கம்புணரிக்காரர், இளமையில் இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்துவிட்டு 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றியவர். ‘கடலுக்கு அப்பால்’ (1959) நாவலில் படையிலிருந்து திரும்பும் செல்லையாவுக்குப் பெண் கொடுக்க முதலாளி மறுக்கிறார்: துப்பாக்கி பிடித்தவன் வட்டிக்கடைக்கு ஆகமாட்டான் என்பது அவர் கணக்கு. ‘புயலிலே ஒரு தோணி’ (1972) இன்னும் கடுமையானது. அதன் நாயகன் பாண்டியன் இந்தியாவுக்காகப் படையில் சேர்கிறான்; பிறகு டச்சுக்காரர்களை எதிர்த்து இந்தோனேசியக் கெரில்லாக்களோடு நிற்கிறான். தமிழ்ப் பெருமையை அவன் செய்யும் கேலி கூர்மையானது; மனம் மட்டும் மதுரைத் தெருக்களை விட்டு அகல்வதில்லை. ஊர் திரும்பும் வேளையில் சுடப்பட்டுச் சாகிறான்.

1949க்குப் பிந்தைய சீனத்தில் இப்படியொரு நாயகன் அச்சேறியிருப்பது கடினம். து பெங்செங்கின் 1954ஆம் ஆண்டு நாவல் யெனான் காப்புப் போரைக் கம்யூனிஸ்ட் கட்சியின் வீரகாவியமாகவே எழுதியது. ஜப்பானியரை எதிர்க்கும் கொள்ளைக்காரனை நடுவில் நிறுத்திய மோ யானின் ‘செஞ்சோளம்’ வர 1980கள் ஆயின. சிங்காரத்தைத் தடுக்கக் கட்சி இல்லை. தமிழில் அவருக்குக் கிடைத்தது நெடுங்காலப் பாராமுகம். இதுவும் ஒருவகைத் தணிக்கைதான்.

ஈழத்தில் தேசியம் பற்றிய கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985) விடுதலை இயக்கம் ஒன்றுக்குள் நடந்த சித்திரவதையையும் கொலையையும் இயக்கத்தில் இருந்தவரே எழுதிய நாவல். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வும் (2001) முன்னாள் போராளி ஒருவரின் எழுத்தே. இரண்டும் தமிழ்த் தேசியத்தை வெளியிலிருந்து மறுக்கவில்லை. அதற்காக ஆயுதம் தூக்கியவர்களின் அனுபவத்தை வைத்து அதனிடம் கணக்குக் கேட்கின்றன.