பதினைந்து இருபதுகள்

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படித்தவர்களுக்கு ஒரு தொல்லை நினைவிருக்கும். எண்பதுக்கு அந்த மொழியில் தனிச் சொல் கிடையாது. 'நாலு இருபது' என்பார்கள், கத்ர வேன். தொண்ணூறு என்றால் 'நாலு இருபது பத்து'. பழைய காலத்தில் முந்நூறையும் இப்படி இருபது இருபதாகவே எண்ணியிருக்கிறார்கள். பதினைந்து இருபது, அதாவது 'கேன்ஸ் வேன்'. பேச்சு வழக்கிலிருந்து அந்தச் சொல் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் பாரிஸ் நகரத்தில் ஒரு கண் மருத்துவமனையின் பெயராக இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்தப் பதிவு அந்தப் பெயரின் பின்னால் இருக்கும் கதை.

1260-ஐ ஒட்டி, பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி, பின்னாளில் புனித லூயி என்று கொண்டாடப்பட்டவர், பாரிஸில் முந்நூறு பார்வையற்றவர்களுக்கு ஒரு விடுதி கட்டினார். சிலுவைப் போரில் கண் பறிக்கப்பட்ட முந்நூறு வீரர்களுக்காகக் கட்டியது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது பிற்காலத்தில் கட்டிவிட்ட கதை. அரசரோடு கூட இருந்து அவர் சரித்திரத்தை எழுதிய ழுவான்வில், நகரத்து ஏழைப் பார்வையற்றோருக்கான வீடு என்றுதான் சொல்கிறார். வீரர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தருமத்துக்கு ஒரு வீரக்கதை இருந்தால்தான் மதிப்பு என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

நான் அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன். எந்த தரும காரியத்தைப் பற்றிப் படித்தாலும் என் மனம் முதலில் போகிற இடம் ஒன்றுதான்: பணம் எங்கிருந்து வந்தது, கையெழுத்துப் போடுகிறவர் யார்? அந்தக் கண்ணோடு பார்த்தால் கேன்ஸ் வேன் விடுதி வியப்பைத் தருகிறது. அங்கே இருந்தவர்கள் தங்களைச் சகோதரர், சகோதரி என்று அழைத்துக்கொண்டார்கள். பார்வையுள்ள சிலரும் துணைக்கு அங்கேயே வாழ்ந்தார்கள். சேரும்போது தங்கள் சொத்தை விடுதிக்கு எழுதி வைத்தார்கள். விடுதிக் காரியங்களைப் பேசும் கூட்டத்தில் பார்வையற்றவர்களுக்கும் இடம் இருந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் சாப்பாட்டுக்கு வழி? அரசரின் மானியம் போதவில்லை. ஆகவே அவர்கள் தெருவிலும் கோயில் வாசலிலும் நின்று பிச்சை எடுத்தார்கள். அதற்கு அனுமதியும் இருந்தது. 1312-ல் அரசர் நாலாம் பிலிப், மற்ற இரப்போரிலிருந்து இவர்களைப் பிரித்துக்காட்ட, உடுப்பில் அரச சின்னமான லில்லிப்பூவை அணிந்துகொள்ளும் உரிமை கொடுத்தார். அரசாங்க முத்திரை குத்திய பிச்சைக்காரர்கள். ஒரே பூ, மரியாதையும் ஆயிற்று, அடையாள வில்லையும் ஆயிற்று. இப்படியே ஐந்நூறு ஆண்டுகள் ஓடின. முந்நூறு பேருக்குக் கூரையும் சோறும் கிடைத்தது. ஒருவருக்கும் எழுத்து கிடைக்கவில்லை. அது தேவை என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

1771-க்கு வருவோம். பாரிஸில் புனித ஒவிட் சந்தை என்று ஒன்று நடக்கும், நம் ஊர்த் திருவிழாக் கடைகள் மாதிரி. அந்த வருஷம் அது இன்றைய கொன்கோர்து சதுக்கத்தில் நடந்தது. அங்கே ஒரு காப்பிக் கடைக்காரர் கூட்டம் சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். பார்வையற்றவர்கள் சிலரைக் கூட்டி வந்து, நீண்ட அங்கியும் கோமாளிக் குல்லாயும் மாட்டி, அட்டையில் செய்த பெரிய மூக்குக் கண்ணாடி போட்டு, எதிரே இசைத் தாளும் மெழுகுவர்த்தியும் வைத்து வயலின் வாசிக்கச் சொன்னார். ஒருவருக்குக் கழுதைக் காது. வாசிப்பு அபஸ்வரம், அதுதான் வேடிக்கை. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், வியாபாரம் அமோகம்.

அதைப் பார்த்துச் சிரிக்காத ஒருவர் வாலந்தேன் அயுயி. 1745-ல் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவர். மொழிபெயர்ப்பாளராக அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், ஆகவே நம் ஜாதி. அந்தச் சந்தைக் காட்சிதான் தன் வாழ்க்கையைத் திருப்பியது என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்தக் காலத்தில் லெப்பே என்ற பாதிரியார் காது கேளாத பிள்ளைகளுக்குத் தன் கைக்காசைப் போட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அது அயுயிக்கு ஒரு முன்மாதிரி. 1784-ல் வியன்னாவிலிருந்து மரியா தெரேசியா பராதிஸ் என்ற பார்வையற்ற இசைக் கலைஞர் பாரிஸுக்குக் கச்சேரி செய்ய வந்தார். தொட்டுப் படிக்கும் சாதனங்களை அவர் வைத்திருந்தார். சந்தையில் கேலிப் பொருளாய் இருந்ததும் அதே இசை, அதே பார்வைக் குறை. இங்கே அரண்மனைகள் எழுந்து கைதட்டின. வேறுபாடு கல்வியில் இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அதே வருஷம் அயுயி, சேன் ழெர்மேன் தெ பிரே கோயில் வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெசுயர் என்ற இளைஞனைப் பிடித்தார். படிக்க வா என்றார். வந்தால் அன்றைய வருமானம் போய்விடுமே, வீட்டில் பசி. அயுயி, பிச்சையில் கிடைக்கக்கூடிய தொகையைத் தானே தருவதாகச் சொன்னார். இந்தச் சரித்திரம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஏழையின் நேரத்துக்கு விலை உண்டு என்று தெரிந்த தருமம் இது. இலவசமாகக் கற்றுத் தருகிறோம், வரமாட்டேன் என்கிறார்களே என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

எழுத்துகளைத் தாளில் மேடாக எழும்பச் செய்து, விரலால் தடவிப் படிக்க வைத்தார். லெசுயர் சில மாதங்களில் படித்தான். 1780-ல் தொடங்கிய பிலாந்த்ரோபிக் சங்கம் ஏழைப் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஏற்கெனவே உதவித்தொகை கொடுத்து வந்தது. அந்தப் பிள்ளைகளை அயுயியிடம் ஒப்படைத்தார்கள். 1785-ல் பள்ளி நடக்க ஆரம்பித்தது. உலகில் பார்வையற்றவர்களுக்கென்று எழுந்த முதல் பள்ளி இதுவே. 1786-ல் பிள்ளைகளை வெர்சாய் அரண்மனைக்கு அழைத்துப்போய் அரசர் முன்னால் படிக்க வைத்தார். நன்கொடை பெருகியது.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சந்தையில் காட்சிப் பொருளானவர்கள் அரண்மனையில் மறுபடியும் காட்சிப் பொருளானார்கள். சிரிப்புக்குப் பதில் கண்ணீர், அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. அவ்வளவுதான் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் வீடு திரும்பும்போது அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரிந்திருந்தது. ஆனால் கொடுப்பவர் பார்த்து மகிழ வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் விலகவில்லை. அது பிறகு பெரிய தடையாக வந்து நின்றது.

புரட்சி வந்தது. 1791-ல் அரசாங்கம் பள்ளியை எடுத்துக்கொண்டது. நெப்போலியன் காலத்தில், 1801-ல், சிக்கனம் என்று சொல்லிப் பள்ளியைக் கேன்ஸ் வேன் விடுதியோடு இணைத்தார்கள். மறு வருஷம் அயுயிக்கு ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் ரஷ்யாவுக்குப் போய் அங்கேயும் பள்ளி அமைத்தார். 1817-ல் திரும்பி வந்து 1822-ல் காலமானார். 1816-ல் பள்ளி மறுபடி தனியாகப் பிரிந்தது. ஈரம் ஊறிய ஒரு பழைய கட்டடத்தில் நடந்த அந்தப் பள்ளிக்கு, 1819-ல் பத்து வயதுப் பையன் ஒருவன் உபகாரச் சம்பளத்தில் வந்து சேர்ந்தான்.

அவன்தான் லூயி பிராய். நாம் பிரெயில் என்கிறோம். அப்பா கூப்வ்ரே கிராமத்தில் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் பட்டறையில் கூரான கருவி கண்ணில் பட்டு, ஒரு கண் போய், சீழ் பிடித்து மறு கண்ணும் போனது. பள்ளியில் இருந்தவை அயுயியின் மேட்டெழுத்துப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் தடிமன், பாரம். ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படிக்க யுகமாகும். படிக்கலாம், ஆனால் தானே எழுதுவது கடினம். சார்ல் பார்பியே என்ற ராணுவ அதிகாரி பன்னிரண்டு புள்ளிகளில் ஒரு முறை கொண்டுவந்தார். விரல் நுனிக்குள் அது அடங்கவில்லை. பிராய் அதை ஆறு புள்ளியாக்கினார். 1824-ல், பதினைந்து வயதில், முறை தயார். 1829-ல் புத்தகமாக வெளியிட்டார்.

எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 1840-க்குப் பிறகு புதிய இயக்குநர் அதை வகுப்பிலிருந்து ஒதுக்கினார். பார்வையற்றவர்களுக்குத் தனி எழுத்து கொடுத்தால் மற்றவர்களிடமிருந்து அவர்கள் பிரிந்துவிடுவார்கள் என்பது அன்றைய வாதம். முழுக்கத் தள்ளிவிட முடியாத வாதம்தான். ஆனால் அதன் அடியில் இன்னொன்றும் இருந்தது. மேட்டெழுத்தைப் பார்வையுள்ள ஆசிரியரும் நன்கொடையாளரும் கண்ணால் படித்துவிடலாம், புள்ளியைப் படிக்க முடியாது. யாருடைய வசதிக்கு எழுத்து என்பதே வழக்கு. பிள்ளைகள் ஒளித்து வைத்துப் புள்ளியிலேயே எழுதிப் பழகினார்கள். 1844-ல் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் நிர்வாகமே அந்த முறையைச் சபையில் காட்டிப் பாராட்டியது. அரசாங்க ஒப்புதல் 1854-ல் வந்தது. பிராய் 1852-லேயே இறந்துவிட்டார்.

அவரும் ஒரு கொடையாளி. அதே பள்ளியில் ஆசிரியராகச் சொற்பச் சம்பளம் வாங்கியவர், கஷ்டப்பட்ட மாணவர்களுக்குக் கடன் கொடுத்துவந்தார். இறந்த பிறகு ஒரு சின்னப் பெட்டி கிடைத்தது, திறக்காமல் எரித்துவிடச் சொல்லி. திறந்து பார்த்தவர்கள் கண்டவை, அவரிடம் கடன் வாங்கியவர்களின் சீட்டுகள். வாங்கியவர் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று நினைத்திருக்கிறார். வெர்சாய் காட்சியையும் இந்தப் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பின்னால் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறு வயதில் பார்வையிழந்த மொரிஸ் தெ லா சிசரான் 1889-ல் அயுயியின் பெயரில் ஒரு சங்கம் நிறுவினார். பார்வையற்றவரே தலைமை ஏற்ற சங்கம். பணம் தர முடியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து, புத்தகங்களை ஒவ்வொரு புள்ளியாகக் கையால் குத்திப் பிரதியெடுத்துத் தந்தார்கள். 1930-ல் கில்லி தெர்பெமோன் என்ற சீமாட்டி, பாரிஸ் தெருவில் வண்டிகளுக்கு நடுவே பார்வையற்றவர்கள் படும் பாட்டைப் பார்த்து, வெள்ளைக் கைத்தடி என்ற யோசனையைப் பத்திரிகைக்கு எழுதினார். 1931-ல் முதல் தடிகள் வழங்கப்பட்டன. ஆயிரக்கணக்கான தடிகளுக்கு அவரே பணம் கொடுத்தார். லில்லிப்பூவும் ஓர் அடையாளம், வெள்ளைத் தடியும் ஓர் அடையாளம். முன்னது பிச்சை கேட்க, பின்னது தன் காலால் தெருவைக் கடக்க.

நம் மொழிக்கும் அந்த ஆறு புள்ளி வந்திருக்கிறது. 1951-ல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக பாரதி பிரெயில் வகுக்கப்பட்டது. பிராய் 'ஆ' என்ற முதல் எழுத்துக்கு வைத்த அதே ஒற்றைப் புள்ளிதான் நம் அகரத்துக்கும்.

நம் ஊரில் பிறந்தநாள், திதி என்றால் விடுதிப் பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடுகிற வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம், விட வேண்டாம். ஆனால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடச் சொல்லிப் படம் எடுப்பது, 1771 சந்தையின் மெழுகுவர்த்தி இன்னும் அணையவில்லை என்றே காட்டுகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் அவர்களையே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், என்ன வேண்டும் என்று. பெரும்பாலும் வரும் பதில், பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து தர ஒரு குரல் என்பதாக இருக்கும். தேர்வு எழுதித்தர யார் போகலாம் என்பதற்குத் தேர்வுக்குத் தேர்வு விதி உண்டு, கேட்டுக்கொள்ள வேண்டும். வாசித்துக் கொடுப்பதற்கு எந்த விதியும் இல்லை. ஓய்வூதியம் வாங்குகிற நம்மிடம் பணம் அளவாகத்தான் இருக்கிறது. பகல் பொழுது நிறைய இருக்கிறது.