தபான் மரமும் பால் மரமும்



விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன அம்மாவை, பாட்டியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். கத்தி பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். உள்ளே கட்டையைத் தொட்டால் மரத்தில் காயம். கங்காணியின் ஏச்சும் கிடைக்கும். பக்குவமாகச் சீவினால் புதுப்பட்டை வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வெட்டலாம். மரத்திடம் வாங்கவும் வேண்டும், மரம் சாகவும் கூடாது. இந்த முறை வருமுன் நம் காடுகளில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

பால் மரத்துக்கு முன்பே இங்கு இன்னொரு மரம் பேர்பெற்றிருந்தது. மலாய்க்காரர்கள் அதைத் தபான் என்பார்கள். அதன் பிசின் வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். கடலுக்கடியில் கிடந்தாலும் கெடாது; மின்சாரத்தையும் கசியவிடாது. கடலடித் தந்திக் கம்பிக்கு உறைபோட இதைவிட நல்ல பொருள் அந்நாளில் இல்லை. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலும், 1866இல் அட்லாண்டிக் கடலின் குறுக்கேயும் போடப்பட்ட கம்பிகள் இந்தப் பிசினைப் போர்த்திக்கொண்டுதான் கிடந்தன.

ஆனால் தபானின் பால் நம் பால் மரத்தைப் போல வழிந்து மங்கில் இறங்காது, சீக்கிரம் உறைந்துவிடும். ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறி எடுத்தார்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்த மரத்தில் பெரும்பாலும் ஒரு கிலோகூடத் தேறாது. சிங்கப்பூர்த் தீவில் சில ஆண்டுகளிலேயே பெரிய தபான் மரங்கள் அருகிவிட்டன. பிறகு தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ என்று கோடரி நகர்ந்தது. வெட்டியவர்கள் காட்டோரத்து ஏழைகள். தந்தி அடித்து வணிகம் செய்தவர்களோ கடலுக்கு அப்பால் இருந்தார்கள். விழுந்த மரத்தை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

1876இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த 22 கன்றுகள், 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார். தோட்டக்காரர்களிடம் ஓயாமல் பால் மரத்தைப் பற்றியே பேசியதால் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டமும் கிடைத்தது!

இத்துடன் கதை நன்றாக முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. பால் மரத்தைக் கொல்லாமல் காத்தவர்கள், அதை நடுவதற்காகப் பெருங்காட்டை வெட்டி எரித்தார்கள். மரத்தடியில் ஒரு புல்லும் இருக்கக்கூடாதென்று மண்ணை வழித்தெடுக்கவும் வைத்தார்கள். அந்தக் களையை எடுத்தவர்கள் நம் முன்னோர். மேல்மண் மழையில் கரைந்து ஆற்றுக்குப் போயிற்று. பிற்பாடுதான் மண்ணைப் பிடித்து நிறுத்தக் கொடிப்பயிர்களை நடச் சொன்னார்கள்.

1926 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தைக் கிளந்தான் மக்கள் ‘சிவப்பு வெள்ளம்’ என்றார்கள். 2014 டிசம்பரில் அதே மாநிலத்தில் வந்ததற்கு ‘மஞ்சள் வெள்ளம்’ என்று பெயர். இரண்டு பெயரும் நீரில் கலந்த சேற்றைப் பார்த்து வைத்தவை. மழை தானாகப் பெய்கிறது, மனிதன் என்ன செய்வான் என்று கேட்பவர்கள் உண்டு. காற்றில் கரியமில வாயு, ஆலைகள் பெருகுமுன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்தது பெருங்காரணம். காடு எரித்ததும் ஒரு காரணம். காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது.

இதற்கு யார் பொறுப்பு? முதலில் எரித்துச் செல்வரான நாடுகளே பெரும்பங்கு ஏற்க வேண்டும் என்று 1992இல் ரியோ மாநாட்டில் நம் நாடு வாதாடியது. அது நியாயமான வாதம். கூலிக்குக் களை எடுத்தவரையும் எடுக்கச் சொன்னவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாதல்லவா? அதே மாநாட்டில், நிலப்பரப்பில் பாதியையாவது காடாகவே வைத்திருப்போம் என்றும் நம் நாடு வாக்களித்தது.

அந்த வாக்கைக் கணக்குப் பார்ப்பதில்தான் சிக்கல். கிளந்தானில் குவா மூசாங் பக்கம், காப்புக் காடுகளுக்குள்ளேயே இயற்கைக் காட்டை வெட்டி, பலகைக்கும் பாலுக்குமாகப் பால் மரம் நட்டிருக்கிறார்கள். ஏட்டில் அந்த நிலம் இன்னும் காடுதான். நாமும் பால் மரக்காடு என்று சொல்லிப் பழகியவர்களே. ஆனால் நிரை பிடித்து வெட்டிய எந்தப் பாட்டியையாவது கேட்டுப் பாருங்கள்: உங்கள் நிரையில் யானை நின்றதா, தபான் முளைத்ததா, மழை பெய்தால் ஓடை தெளிந்து ஓடியதா என்று.